லைசன் தேவைப்படாத பாட்டு

நான் முட்டாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதி வழியில் நீங்களாகக் கண்டுபிடித்து முகம் சுளிப்பதைவிட நானே சொல்லிவிட்டால் கொஞ்சம் மரியாதை மிஞ்சும் என்று ஒரு நப்பாசை. ஒரு பாட்டுக்கு லைசன் தேவையில்லை என்றால் அந்தப் பாட்டுக்கு ஆளே கிடையாது என்று நம்பியவன் நான். நம்பியதோடு நின்றிருந்தால் என் வீட்டுக்குள் மட்டும் முட்டாளாக இருந்திருப்பேன். அதை ஒரு சங்கத்தில் எழுந்து நின்று சொல்லி, கைதட்டலும் வாங்கி, ஹட்டன் முதல் பொகவந்தலாவை வரை பெரிய ஸ்பீக்கரில் ஒலிக்கவிட்ட முட்டாள் அனேகமாக நான் ஒருவன்தான்.

தொழில் டீஜே. ஆங்கிலத்தில் எனக்கு ஒரு தொழிற்பெயர் இருக்கிறது. அதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. சிங்கத்தையும் இடியையும் மின்னலையும் ஒரே சட்டியில் போட்டுக் கிளறிய மாதிரி இருக்கும். ஆளோ, காற்றடித்தால் தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டிய உடம்பு. பெரிய பெட்டிகள், ஒரு மிக்சர், ஒரு லெப்டொப், சுற்றிச் சுற்றி வரும் விளக்கு, புகை கக்கும் இயந்திரம், இவ்வளவுதான் என் சொத்து. மூடுபனி இறங்கும் ஊரில் புகை இயந்திரம் எதற்கு என்று கேட்காதீர்கள். வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள். ஒருமுறை அக்கரப்பத்தனையில் ஒரு பிறந்தநாள் விழா. ஜன்னல் வழியாகப் பனி உள்ளே வந்து மண்டபத்தை நிறைத்துவிட்டது. “தம்பி, பொக சூப்பர்” என்று வீட்டுக்காரர் பாராட்டினார். இயந்திரத்தை நான் இன்னும் வண்டியிலிருந்து இறக்கியிருக்கவில்லை. பாராட்டை மட்டும் இறக்கி வைத்துக்கொண்டேன். யோசித்துப் பார்த்தால் என் குணம் முழுக்க அந்தப் பனிக்குள் இருக்கிறது.

எங்கள் பக்கத்தில் டீஜேக்கள் பெருகியபோது சண்டையும் பெருகியது. ஒருவர் பேசி முடித்த கல்யாணத்தை இன்னொருவர் வாசல் வரை போய்த் தட்டிப் பறிப்பார். ஒருவர் செய்த மிக்சை இன்னொருவர் தன் பெயரைக் கத்திப் போடுவார். ஆகவே சங்கம் வைத்தோம். ஹட்டனில் ஒரு பேக்கரியின் மேல்மாடியில் கூட்டம். விதிகள் எழுதுவதற்கு முன்னால் சீல் செய்துவிட்டோம். சங்கச் சின்னம் எப்படி இருக்கவேண்டும் என்பதற்குத்தான் அதிக விவாதம் நடந்தது. ஹெட்போன் மாட்டிய தேயிலைக் கொழுந்து என்று முடிவாயிற்று. சீல் வெட்டுகிறவர் வெட்டியதைப் பார்த்தால் ஹெட்போன் மாட்டிய பச்சை மிளகாய் போலிருந்தது. அந்த மிளகாயின் கீழே செயலாளர் என்று கையெழுத்துப் போடும் பாக்கியம் எனக்கு வாய்த்தது. காரணம் என் திறமையல்ல. கடைத்தெருச் சிங்களம் எங்கள் எல்லோருக்கும் வரும். காரியாலயத்துச் சிங்களம் எனக்கு மட்டும்தான் வரும்.

அந்தச் சிங்களம்தான் என்னைக் கெடுத்தது.

மண்டபக்காரர்கள் ஒவ்வொருவராக, “பாட்டு போடுறதுக்கு லைசன் இருக்கா?” என்று கேட்கத் தொடங்கியிருந்த காலம் அது. பொது இடத்தில் பாட்டுப் போட்டால் அதை ஆக்கியவர்களுக்கு ஒரு பங்கு போகவேண்டும் என்பது எங்களில் பலருக்குப் புதுச்செய்தி. பாட்டு என்பது காற்று மாதிரி, போனில் வரும், பென்டிரைவில் ஏறும், அவ்வளவுதான் என்று இருந்தோம். அதனால் கொழும்பிலிருந்து ஓர் அதிகாரியை வரவழைத்து நுவரெலியாவில் ஒரு ஹோட்டல் அறையில் விளக்கக் கூட்டம் வைத்தோம். நல்ல மனிதர். பொறுமையாகச் சிங்களத்தில் சொன்னார். பக்கத்தில் நின்று நான் தமிழில் சொன்னேன். எழுதினவருக்குப் பங்கு, மெட்டுப் போட்டவருக்குப் பங்கு, பாடினவருக்குப் பங்கு. அவர் சொல்லச் சொல்ல எங்கள் ஆட்களின் முகம் நீண்டுகொண்டே போயிற்று.

அப்போதுதான் அதிகாரியை மாத்தயா என்று சிங்கள மரியாதையில் விளித்துக் கேட்டேன், என் புத்திசாலித்தனத்தை எல்லோரும் பார்க்கட்டும் என்று. “ஆக்கினவர் யாரென்றே தெரியாத பழைய பாட்டு இருக்கிறதே மாத்தயா, தோட்டத்தில் பரம்பரையாகப் பாடுவது, அதற்கு?”

அவர் சொன்ன பதிலில் இரண்டு பகுதி இருந்தது. அப்படிப்பட்ட பாட்டுக்குத் தங்களிடம் லைசன் எடுக்கத் தேவையில்லை என்பது முதல் பகுதி. ஆனால் அதைப் பாடுகிறவனுடைய குரல் அவனுடையது, அதைப் பதிவு செய்து போடுவதென்றால் அவனிடம் கேட்கவேண்டும் என்பது இரண்டாவது பகுதி. முதல் பகுதியை நான் தமிழில் சொன்னவுடன் அறையே கைதட்டியது. அந்தக் கைதட்டலுக்கு நடுவில், சரியாக அந்த நேரம் பார்த்து, கறி வைத்துச் சுருட்டிப் பொரித்த ரோல்ஸும் தேத்தண்ணியும் உள்ளே வந்தன. இரண்டாவது பகுதியை நான் மொழிபெயர்க்கவில்லை. காதில் விழவில்லை என்று சொன்னால் பொய். விழுந்தது. கை ரோல்ஸ் தட்டை நோக்கிப் போயிற்று, வாய் அதற்குப் பின்னால் போயிற்று. அதிகாரி நான் முழுவதையும் சொல்லிவிட்டேன் என்று நினைத்துத் தலையாட்டினார். பாவம், அவருக்குத் தமிழ் தெரியாது.

இனி அந்தக் குரலுக்கு வருகிறேன்.

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டம். மாசி மாதம் அங்கே காமன் கூத்து நடக்கும். காமனுக்கும் ரதிக்கும் கல்யாணம் நடந்து, சிவன் காமனை எரித்து, ரதி அந்தச் சாம்பலைச் சுற்றி அழுவதுதான் கதை. மலையகத்தில் கூத்து என்று யாரும் அதைச் சும்மா சொல்வதில்லை. காப்புக் கட்டி, விரதமிருந்து, கறி மீனை விட்டு, சாமி காரியமாகச் செய்வது. அந்தத் தோட்டத்தில் ரதி வேஷம் கட்டுகிறவர் தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், வேலை செய்யும் ஓர் அண்ணன். மீசையை மழித்து, சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து வந்து நின்றால் அவருடைய மனைவியே ஒரு நிமிடம் ஒதுங்கித்தான் நிற்பார். ஒரு வருடம் அந்தக் கூத்துக்கு மைக்கும் ஸ்பீக்கரும் போட என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

பகலில் மைக் சரி பார்க்கும்போது, “அண்ணே, ஒரு ரெண்டு வரி பாடுங்க, சத்தம் பாக்கணும்” என்றேன்.

“அழுற பாட்ட இப்ப பாட மாட்டேன். கல்யாணப் பாட்ட வேணும்னா பாடுறேன்.”

“எதுன்னாலும் சரிண்ணே, எனக்குச் சத்தம் வந்தாப் போதும்.”

“உங்களுக்குச் சத்தம். எனக்கு நேத்தி” என்றார்.

பிறகு தேத்தண்ணி குடித்துக்கொண்டே அவர்தான் சொன்னார். அவருடைய மகள் பேசவேண்டிய வயதில் பேசவில்லை. ஆஸ்பத்திரி, மந்திரம், தாயத்து எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில், பிள்ளைக்குப் பேச்சு வந்தால் என் தொண்டையில் சத்தம் இருக்கிற வரைக்கும் ரதி கட்டி அழுகிறேன் என்று காமனை எரிக்கிற காமன் பொட்டலில் நின்று வேண்டிக்கொண்டாராம். பிள்ளை பேசிவிட்டது. “இப்ப வாய மூட மாட்டேங்குது. அது ஒரு தனி நேத்தி வைக்கணும் போல” என்று சிரித்தார். அந்த அழுகைப் பாட்டைச் சாம்பலுக்கு முன்னால் மட்டும்தான் பாடவேண்டும், வீட்டில் முணுமுணுத்தால்கூட ஆகாது என்றும் சொன்னார். நானும் சிரித்துக்கொண்டே கேட்டேன். இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள ஒரு சின்ன இடுக்குகூட அந்த மனிதர் எனக்கு விட்டுவைக்கவில்லை.

என் மிக்சரில் பென்டிரைவைச் செருகிவைத்தால் மைக்கில் போவதெல்லாம் அப்படியே பதிவாகும். அன்று பகலிலிருந்து இரவு கூத்து முடியும்வரை செருகியிருந்தேன். களவெடுக்க அல்ல. எப்போதும் செருகிவைப்பதுதான். ஆனால் எடுத்துப் பார்த்தபோது, சுத்தமான குரல். ஒரு இரைச்சல் இல்லை. கல்யாணப் பாட்டும் இருந்தது, அழுகைப் பாட்டும் இருந்தது. கல்யாணப் பாட்டு கொஞ்சம் நிதானம். அழுகைப் பாட்டில்தான் மூச்சை இழுத்து இழுத்து வெட்டுகிற ஒரு தாளம் இருந்தது. அதைக் கேட்டவுடன் என் கால் ஆடியது. ஒரு பெண் தாலியறுத்து அழுகிற பாட்டுக்குக் கால் ஆடுகிறதென்றால் காலில் ஏதோ கோளாறு என்று வைத்தியரிடம் போயிருக்கவேண்டும். நான் லெப்டொப்பிடம் போனேன்.

வேகத்தைக் கூட்டினால் எந்த அழுகையும் கும்மாளமாகிவிடும் என்பது எங்கள் தொழிலின் வேதம். கூட்டினேன். அடியில் ஒரு பீட்டைப் போட்டேன். நடுநடுவே என் சிங்க இடி மின்னல் பெயரைக் கத்திப் பதிந்தேன். ஒரு பிறந்தநாளில் போட்டுப் பார்த்தேன். பெடியன்கள் கூரையைப் பெயர்த்தார்கள். சொற்கள் ஒருவருக்கும் புரியவில்லை. புரிகிற வேகத்தில் நான் விடவில்லை.

சங்கக் கூட்டத்தில் அதை எல்லோருக்கும் பகிர்ந்தேன். “இது லைசன் தேவைப்படாத பாட்டு. ஆள் இல்லாத பாட்டு. நம்ம சங்கத்துச் சொத்து” என்று மிளகாய் சீல் வைக்காத குறையாக அறிவித்தேன். அடுத்த தலைவர் நீதான் என்று தோளில் தட்டினார்கள். சில வாரங்களில் ஓட்டோக்களில், பஸ்களில், போன்களில் எல்லாம் ரதி அழுதுகொண்டிருந்தாள், மூச்சு விடாமல், என் பெயரை நடுவில் சுமந்துகொண்டு.

பிறகு அந்தக் கல்யாணம்.

ஹட்டனில் ஒரு மண்டபம். காலை முகூர்த்தம் கோயிலில் முடிந்து, பகல் சாப்பாடும் வரவேற்பும் மண்டபத்தில். பெண் எந்தத் தோட்டம் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. எங்கள் தொழிலில் பெண்ணின் பெயர், மாப்பிள்ளையின் பெயர், கேக் எந்தப் பக்கம் என்ற மூன்றும் தெரிந்தால் போதும். வந்து பெட்டியை இறக்கும்போதே மண்டப மனேஜர் பக்கத்தில் வந்து நின்றார். சிங்களத்தில், தம்பி என்கிற பொருளில், “மல்லி, போடுற பாட்டுக்கெல்லாம் அனுமதி இருக்குதானே? எங்களுக்குப் பிரச்சினை வரக் கூடாது” என்றார். கழுத்தில் தொங்கிய சங்க அட்டையை எடுத்துக் காட்டி, “நாங்க சங்கம் மாத்தயா. அனுமதி இல்லாம ஒரு பாட்டுப் போட மாட்டோம்” என்றேன். அவருக்கு மிளகாய் பிடித்திருந்தது போல. சும்மா போனார்.

பெண்ணும் மாப்பிள்ளையும் வாசலில் வந்து நின்றார்கள். இதைவிடப் பொருத்தமான நேரம் உண்டா? ரதியைப் போட்டேன்.

இளசுகள் கையைத் தூக்கினார்கள். முன்வரிசையில் இருந்த பெண்கள் தூக்கவில்லை. ஒரு அம்மா பக்கத்திலிருந்தவரின் கையைப் பிடித்தார். இன்னொருவர் மடியிலிருந்த குழந்தையின் காதைப் பொத்தினார். வருடா வருடம் சாம்பலைச் சுற்றி உட்கார்ந்து கேட்கிறவர்களுக்கு நான் கூட்டிய வேகம் ஒரு பொருட்டே இல்லை. பெண்ணின் அத்தை எழுந்து நேராக என் மேசைக்கு வந்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் சத்தத்தில் கேட்காத மாதிரி இருந்திருக்கலாம்.

“தம்பி, நிப்பாட்டு.”

நிறுத்தினேன்.

“ரதிக்குப் பொட்டழிக்கிற எடத்துப் பாட்டு இது. இதப் போட்டா எங்க புள்ளய உள்ள கூட்டிக்கிட்டு வர்ற?”

மண்டபம் அப்படியே நின்றது. பெண் வாசல்படியில் ஒரு காலை உள்ளே வைத்தபடி நின்றாள். அப்போதுதான் கூட்டத்துக்குள், வெள்ளைச் சட்டை போட்டு மீசை முளைத்திருந்த அந்த அண்ணனைக் கண்டேன். பெண்ணுக்கு மாமன் முறை. அதே தோட்டம். என்னைப் பார்ப்பதற்கு முன்னால் எல்லோரும் அவரைத்தான் பார்த்தார்கள். குரல் யாருடையது என்று அங்கே யாருக்கும் சந்தேகமில்லை.

கோயில் கமிட்டித் தலைவர், நரைத்த பெரியவர், அவரைக் கேட்டார். “ஏன்டா, நீயா பாடிக் குடுத்த?”

அண்ணன், “இல்லங்க” என்றார். பிறகு என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வாசல் பக்கத்தில் மனேஜரும் கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்தார்.

என் கையில் மைக் இருந்தது. ‘நான்தான் கேட்காமல் எடுத்தேன்’ என்பது சின்ன வாக்கியம். மூச்சு வாங்காமல் சொல்லிவிடலாம். ஆனால் கழுத்தில் அட்டை தொங்குகிறது. சங்கத் தேர்தல் வருகிறது. மனேஜர் நிற்கிறார். அனுமதியில்லாமல் பாட்டுப் போட்டவன் சங்கத் தலைவரா என்று நாளைக்குப் பேக்கரி மாடியில் கேட்பார்கள். இதெல்லாம் யோசித்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. வாய் தானாகத் திறந்தது.

“அண்ணனோட அனுமதியோடதான் போட்டேன்” என்றேன்.

பொய்யைப் பலர் காதோடு காதாகச் சொல்வார்கள். நான் பதினெட்டு அங்குல ஸ்பீக்கரில் சொன்னேன். எக்கோ வேறு போட்டிருந்தது.

அண்ணன் என்னைத் தாண்டி நடந்தார். பெண்ணின் அருகில் போய் அவள் தலையில் கை வைத்தார். பிறகு வெளியே நடந்தார். மாமன் சாப்பிடாமல் போன கல்யாணம் என்று அந்த வீட்டுக்காரர்கள் இன்றைக்கும் சொல்கிறார்களாம். மிச்ச நேரம் முழுவதும் நான் மெல்லிய இசையாகப் போட்டேன். மனேஜர் போகும்போது, “நல்லது மல்லி, அனுமதி வாங்கித்தான் செய்யணும்” என்று பாராட்டினார். அக்கரப்பத்தனைப் பனியைப் போல அதையும் வாங்கிக்கொண்டேன்.

கமிட்டி கூடி, வருகிற மாசிக்கு அவர் ரதி கட்டவேண்டாம், அழுகைப் பாட்டைக் கல்யாணத்துக்குக் கொடுத்தவன் சாம்பல் முன்னால் நிற்கக் கூடாது என்று சொல்லிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். வேறு ஒருவரைப் பழக்கப்போகிறார்களாம். அதாவது என் ஒரு வாக்கியத்தில் அவருடைய வேண்டுதல் அறுந்துபோயிற்று.

இந்த இடத்தில் ஒரு நல்ல மனிதன் என்ன செய்வான் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரிந்தது. ஆகவே அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்தேன். அண்ணனுக்குச் சங்கத்தின் கௌரவ உறுப்பினர் பதவி என்று கூட்டத்தில் முன்மொழிந்தேன். ஏகமனதாக நிறைவேறியது. பொன்னாடையும் அட்டையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறி, தோட்டத்து வரிசை வீடுகளில் அவருடைய லயத்துக்குப் போனேன்.

வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். “வாங்க” என்றார். மறுபடி விறகுக்குத் திரும்பினார். அவருடைய மனைவி பிளேன்டீ கொண்டுவந்து வைத்தார். மகள் வந்து என் கழுத்து அட்டையைத் தூக்கிப் பார்த்து, “மாமா, இதுல ஏன் மொளகா போட்டிருக்கு?” என்றாள். பதில் சொல்வதற்குள், “எங்க ஸ்கூல்ல எல்லாரும் அப்பா பாட்டுக்குத்தான் ஆடுறோம், எனக்கு மட்டும் ஃபுல்லா பாடத் தெரியும், டீச்சர் என்னய முன்னுக்கு விட்டாங்க” என்று ஒரே மூச்சில் சொன்னாள். அவள் அம்மா அவளை உள்ளே போகச் சொன்னார்.

நான் பொன்னாடையை மடியில் வைத்துக்கொண்டு, கலைஞர், கௌரவம், உரிமை என்று பேக்கரி மாடித் தமிழில் கொஞ்சம் பேசினேன். அண்ணன் கோடரியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கேட்டார்.

“கமிட்டில வந்து உண்மையச் சொல்றீங்களா?”

“சொல்றேன்ணே. கட்டாயம் சொல்றேன். இந்தச் சங்கத் தேர்தல் மட்டும் முடியட்டும்.”

“சரி.”

“தப்பா எடுத்துக்காதீங்க.”

“சரின்னேன்ல.”

மனைவி அடுப்படியிலிருந்தே சொன்னார். “அவரு எடுத்துக்கல தம்பி. எனக்குத்தான் பயம். சாமிக்கிட்ட வாங்கினத சாமி திரும்ப எடுத்துக்கிட்டா நாங்க யாருக்கிட்ட போய் லைசன் கேக்கிறது?”

பொன்னாடையை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். அடுத்தமுறை போகும்போது அதை மாட்டுக் கொட்டிலின் ஓட்டையில் குளிருக்கு அடைத்திருந்தார்கள். அங்கே அது நன்றாகத்தான் உழைத்தது.

தேர்தல் முடிந்தது. தலைவரானேன். மாலை போட்டார்கள். மாலையோடு எடுத்த படத்தை உற்றுப் பார்த்தால் ஆடு மாதிரி தெரியும், எந்தக் கோயிலுக்கு என்பதுதான் தெரியாது. அதற்குப் பிறகும் கமிட்டிக்குப் போகவில்லை. முதலில் கல்யாண சீசன் என்றேன். அப்புறம் மழை என்றேன். எங்கள் ஊரில் மழையைக் காரணம் காட்டுகிறவன் வருடம் முழுவதும் காரணத்தோடு இருக்கலாம்.

தை மாதத்தில் அண்ணனின் மனைவி, அந்த அக்கா, எனக்குப் போன் எடுத்தார். “தம்பி, புள்ளைக்குத் தொண்ட கட்டிருக்கு. பேச்சே வரல.”

“குளிரு அக்கா… தடுமன் காய்ச்சல் எல்லா எடத்துலயும் இருக்குக்கா. கொத்தமல்லி அவிச்சுக் குடுங்க.”

“குடுத்தேன். தடுமன்னு எனக்கும் தெரியும் தம்பி.” பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். “அவரு ரெண்டு வேளையா சாப்பிடாம பொட்டல்ல போயி உக்காந்திருக்காரு.”

தடுமன்தான். சத்தியமாகத் தடுமன்தான். குளிரில் யாருக்கும் வருவது. ஆனால் அந்த வீட்டில் அது தடுமனாக மட்டும் இருக்க முடியாதபடி செய்தவன் நான். போனை வைத்தவுடன் கோயில் கமிட்டித் தலைவரைக் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன். 

ஞாயிற்றுக்கிழமை காலை. கோயிலுக்கு முன்னால் கமிட்டி உட்கார்ந்திருந்தது. கொழுந்து பறிக்கிற பெண்கள், ஸ்டோர்க்காரர்கள் என்று பாதித் தோட்டம் இருந்தது. அண்ணன் ஓர் ஓரமாக நின்றார். நான் எழுந்து நின்றேன். மைக் இல்லாத என் குரலை இத்தனை பேருக்கு முன்னால் நான் கேட்டதே இல்லை. அது மெல்லியதாக, பஸ்ஸில் மிச்சக் காசு கேட்கிறவன் குரல் மாதிரி இருந்தது. பழக்க தோஷத்தில் முதலில் ஒரு பகிடி விட்டேன். யாரும் சிரிக்கவில்லை. எங்கோ ஒரு நாய் குரைத்தது, அதை ரசிகர் கணக்கில் சேர்க்க முடியாது.

“அண்ணன் குடுக்கல” என்றேன். “நான்தான் கேக்காம எடுத்தேன். கல்யாணத்துல சொன்னது பொய்.”

“பொறவு ஏன் அப்பிடிச் சொன்ன?” என்றார் தலைவர்.

“மனேஜரு நின்னாரு. தேர்தல் வந்துச்சு…”

“மனேஜருக்குப் பயந்த. சாமிக்குப் பயப்படல.”

“அப்பிடித்தாங்க.”

பெண்ணின் அத்தை அங்கேயும் இருந்தார். “மைக்கப் புடிச்சா ஊரையே ஆட்டிப் படைக்கிறீங்க. உண்மையச் சொல்ல மட்டும் மாசிக்கு மாசி ஆகுது” என்றார். அதற்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது. என் பகிடிக்கு வராத சிரிப்பு.

“பரப்பின பாட்டத் திரும்ப வாங்க முடியுமா?” என்று தலைவர் கேட்டார்.

“அழிக்கச் சொல்லி எல்லாருக்கும் சொல்லிட்டேங்க.”

அது பாதி உண்மை. சொல்லியிருந்தேன். சிலர் அழித்தார்கள். முதல் கூட்டத்திலிருந்து என்னோடு இருக்கும் ஒரு டீஜே போனிலேயே கேட்டுவிட்டார். “ஆள் இல்லாத பாட்டுன்னு நீங்கதானே சொன்னீங்க தலைவரே? இப்ப மட்டும் ஆள் எங்கருந்து மொளச்சாரு?” கொழும்பு அதிகாரி சொன்ன இரண்டாவது பகுதியை அன்றைக்குத்தான் அவருக்கு மொழிபெயர்த்தேன். அவர் அதை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு, “அந்த ரோல்ஸ் அவ்வளவு ருசியாவா இருந்துச்சு?” என்று கேட்டுப் போனை வைத்துவிட்டார். பிறகு தலைவர் பதவியை நானே விட்டேன். தடுக்கத்தான் யாரும் வரவில்லை. பாட்டு இன்னும் சில ஓட்டோக்களில் ஓடுகிறது. எதிரில் வரும்போது நான் ரோட்டோரமாகத் திரும்பி நின்றுகொள்கிறேன், ஏதோ தேயிலையை ஆராய்ச்சி செய்கிறவன் மாதிரி.

பாட்டு முழுதாக அழியவில்லை என்பதைக் கமிட்டிக்கும் சொன்னேன். பெரியவர்கள் தங்களுக்குள் பேசினார்கள். கடைசியில் தலைவர் அண்ணனைப் பார்த்து, “நீயே கட்டுடா. காப்புக்கு வந்துரு” என்றார். அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார், கமிட்டியை அல்ல, கோயிலை. என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. திட்டுவார்கள், குறைந்தபட்சம் ஒரு அபராதமாவது போடுவார்கள், கட்டிவிட்டு நிம்மதியாகப் போகலாம் என்று எதிர்பார்த்து வந்தவனுக்கு அது பெரிய ஏமாற்றம்.

கூட்டம் கலைந்தது. அண்ணன் லயத்தை நோக்கி முன்னால் நடந்தார். நான் பின்னால் போனேன். தேயிலை மலைக்கு நடுவே போகும் குறுக்குப் பாதை, ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க முடியும். அதனால் அவருடைய முதுகோடுதான் பேசவேண்டியிருந்தது. பிள்ளைக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். பரவாயில்லை என்று தலையை அசைத்தார். மன்னிச்சிருங்கண்ணே என்றேன். அதற்குத் தலை அசையவில்லை. கொஞ்சத் தூரம் போனோம். ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்று எனக்குள் ஓர் அவசரம். ஒரு மனிதருக்குச் செய்த தீங்கை எடுத்த எடுப்பில் சமன்படுத்திவிடலாம் என்று நினைக்கிற அந்தப் பழைய முட்டாள் இன்னும் உள்ளே உட்கார்ந்திருந்தான்.

“அண்ணே, இந்த மாசிக்கு சவுண்டு நானே போடுறேன். எனக்கு ஒண்ணும் வேணாம். நல்ல மைக்கா, புது மைக்கா கொண்டு வர்றேன். பென்டிரைவு கொண்டு வர மாட்டேன். கீழ பள்ளத்து லயம் வரைக்கும் உங்க கொரலு கேக்கும்ணே.”

அவர் திரும்பாமலே சொன்னார்.

“மைக்கு இல்லாமத்தான் பாடப் போறேன்.”